சிங்காரியின் குட்டிக்கு யார் சேனை வைப்பது?

மூங்கில் காட்டு ஓடைக்கரையில் சிங்காரி என்ற யானை விடியற்காலையில் குட்டி போட்டது. தலைச்சன் குட்டி. மாதம் முந்திப் பிறந்ததால் ரொம்பச் சின்னதாக இருந்தது. காது வெற்றிலை அளவுதான். சேதி பரவியதும் காடே பார்க்க வந்துவிட்டது. வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா?

"யானைக் குட்டின்னாங்க. பன்னிக் குட்டியால்ல இருக்கு!" என்றது கரடி.

வயிற்றில் குட்டி இருந்தபோது சிங்காரி மூங்கில் குருத்தைக் குறைவாகத் தின்றதுதான் காரணம் என்றது மயில். இல்லை, அதிகமாகத் தின்றதுதான் காரணம் என்றது நரி. சிங்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குட்டி போட்ட வலிகூட அப்படி வலிக்கவில்லை.

குட்டிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அதற்குப் பசி. தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே புகுந்து, வாயை அண்ணாந்து மடியைத் தேடியது. எட்டவில்லை. சிங்காரி மெல்ல உடம்பைத் தாழ்த்தப் பார்த்தது.

"நில்லுடி" என்றது மாமியார் பெரியநாச்சி. "இன்னும் சேனை வைக்கல. அதுக்குள்ள என்ன பால்?"

அந்தக் காட்டு வழக்கம் அப்படி. நல்ல குணமுள்ள ஒருவர், பிறந்த குட்டியின் நாக்கில் முதன்முதலில் இனிப்பைத் தொட்டு வைக்க வேண்டும். அதுதான் சேனை. வைத்தவர் குணம் அப்படியே குட்டிக்கு வருமாம். அதுவரை தாய்ப்பால் கூடாது. அதிலும் முதலில் சுரக்கும் மஞ்சள் பால் ஆகவே ஆகாது, மண்ணில் பீச்சிவிட வேண்டும் என்று பெரியநாச்சி முன்பே சொல்லி வைத்திருந்தது. சிங்காரி அந்தக் கூட்டத்துக்குப் புது மருமகள். மறுபேச்சுப் பேச முடியுமா? தலையை ஆட்டிவிட்டு நின்றது.

சரி, சேனையை யார் வைப்பது? அங்கேதான் வம்பு பிறந்தது.

கரடி தேனடையோடு முன்னால் வந்தது. கரடி வைத்தால் குட்டி நாள் முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டே கிடக்கும் என்று மயில் தடுத்தது. மயில் வைத்தால் மேகத்தைக் கண்டதும் குட்டி ஆடத் தொடங்கும், யானை ஆடினால் காடு தாங்காது என்று கரடி மல்லுக்கு நின்றது. தான் வைத்தால் நல்ல புத்தி வரும் என்றது நரி. அது எப்பேர்ப்பட்ட புத்தி என்று தெரிந்ததால் கரடியும் மயிலும் சேர்ந்தே அதைப் பின்னால் தள்ளின. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். மரத்தின் மேல் குரங்குகள் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டன. அதற்குள் ராகு காலம் வந்துவிட்டதென்று பெரியநாச்சி எல்லாரையும் பொறுக்கச் சொன்னது. பொறுத்திருந்த நேரத்தில் கரடி பாதித் தேனடையைத் தின்றுவிட்டது.

சிங்காரி இந்தக் கூத்தைப் பார்க்கவில்லை. குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் குட்டி முட்டி முட்டிக் கத்தியது. பிறகு முனகியது. இப்போது முனகலும் நின்றுவிட்டது. துதிக்கை துவள, கண் செருக, காலடியில் சரிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லிட்டிருந்தது. இத்தனை சின்ன உடம்புக்குக் காத்திருக்கத் தெம்பு ஏது?

"அத்தை, குட்டி சோர்ந்துபோச்சு. நான் பால் குடுக்கிறேன்."

"பொறுடி. வழக்கத்தை மீறினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருமா பால் குடுக்கப் போறாங்க?"

சிங்காரி துதிக்கையால் குட்டியை அணைத்து எழுப்பி, கரை மேட்டில் நிறுத்தியது. தான் ஓடைக்குள் இறங்கி நின்றது. மடி குட்டியின் வாய்க்கு நேராக வந்தது. மஞ்சள் பால் ஒரு சொட்டு அதன் நாக்கில் விழுந்தது. குட்டி மெல்லச் சப்பியது. அப்புறம் மடக் மடக்கென்று குடித்தது. சிங்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் குட்டியின் உடம்பில் சூடு ஏறியது. ராகு காலம் முடிந்ததும், மிச்சத் தேனோடு கரடி வந்து கூப்பிட்டது. குட்டி திரும்பவில்லை. மயில் தோகையை விரித்துக் காட்டியது. திரும்பவில்லை. பெரியநாச்சி துதிக்கையால் வாலைப் பிடித்து இழுத்தது. அந்தக் குட்டியூண்டு உடம்பு மடியை விட்டு இம்மியும் அசையவில்லை.

"அடேயப்பா, என்ன பிடிவாதம்! அப்படியே அம்மா குணம்!" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டது பெரியநாச்சி.

"அப்போ சேனை வச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அத்தை?" என்றது சிங்காரி.

சின்னஞ்சிறு உயிருக்குத் தாய்ப்பால்தான் முதலில். ஊர்ப்பேச்சும் சடங்கும் அதன் பசி ஆறும் வரை காத்திருக்கட்டும்.