வெயிலில் தெரியாத பொறி

மெக்கானிக் மஸ்தான் காலையில் புது பிளக் மாட்டி அனுப்பிய மோட்டார் சைக்கிளை, உச்சிவெயிலில் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே வண்டிக்குச் சொந்தக்காரரான பஞ்சாயத்துத் தலைவர் சங்கையாவும் அவர் மச்சானும் வந்தார்கள். மஸ்தானின் கொட்டகை பஞ்சாயத்து இடத்தில் இருந்தது. அதை மச்சானுக்குக் கொடுக்கத் தலைவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

"செத்த பிளக்கையா மாட்டினே? கரண்டே இல்லை. பொழுது சாயறதுக்குள்ள கொட்டகையைக் காலி பண்ணு" என்றார் தலைவர்.

"வண்டியை நிழலுக்குக் கொண்டாங்க தலைவரே, பிளக்குல பொறி பறக்கிறதைக் காட்டுறேன்."

"நிழல்ல வித்தை காட்டுவே. இங்கேயே, எல்லார் கண்ணு முன்னாலயும் காட்டு!"

மஸ்தான் பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தார். அந்த வெயிலில் யார் கண்ணுக்கும் பொறி தெரியவில்லை.

"பார்த்தீங்களா, துளி கரண்டு இல்லை!" என்றார் தலைவர்.

"கரண்டுதான் இல்லையே, இந்த ஒயர் நுனியைப் பிடிங்க. நான் இன்னொரு உதை விடுறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அந்தக் கையிலேயே கொட்டகைச் சாவியைக் கொடுத்துட்டுப் போறேன்."

தலைவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மாப்ளே, நீ பிடி" என்றார். மச்சான் அதற்குள் டீக்கடைப் பக்கம் நகர்ந்திருந்தான். கூட்டம் சிரித்தது.

மஸ்தான் பிளக்கைத் திரும்ப மாட்டி, டேங்குக்கு அடியில் யாரோ மூடிவைத்திருந்த பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

"ஏறி உட்காருங்க தலைவரே. சீட்டுல கரண்டு கிடையாது."