நடுமடைக் குடம்

வெகு காலத்துக்கு முன்னே காரைவள நாட்டை வயிரமேகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபமும் சிரிப்பும் அவனுக்கு ஒரே மூச்சில் வரும். அந்த நாட்டில் வாய்க்காலை ஒட்டி மூன்று ஊர்கள்: தலைமடை, நடுமடை, கடைமடை. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஆடிப்பெருக்கன்று ஒவ்வோர் ஊரும் ராஜாவின் அபிஷேகத்துக்கு ஒரு குடம் தண்ணீர் அனுப்பும். இரண்டு குடமாவது வந்தால்தான் ராஜா ராஜா. இல்லையென்றால் கிரீடம் அவன் தம்பிக்கு.

தலைமடைக்கு வாசலிலேயே தண்ணீர். அதன் குடம் தவறாது. கடைமடை எப்போதும் தம்பி பக்கம். ஆக, எல்லாம் நடுமடை கையில். அவர்களோ இந்த வருஷம், "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மதகு அதிகாரி ஏகவீரன் முந்திக்கொண்டான். "பிரபு, வீட்டுக்கொரு பட்டுக்கரை வேட்டி கொடுங்கள். ஓடி வருவார்கள்."

கொடுத்தார்கள். நடுமடைக்காரர்கள் கிழிசல் இருக்கிறதா என்று வெயிலில் விரித்துப் பார்த்தார்கள். கிழிசல் இல்லாததால் சந்தேகம் இன்னும் கூடிற்று. "ஆடியில வேட்டி குடுக்கறாங்கன்னா, தையில கோவணத்தை உருவப் போறாங்க" என்றார்கள். எனக்கும் அரண்மனைக்காரர்களிடம் அவ்வளவுதான் நம்பிக்கை. நடுமடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து, தம்பி வந்தால் கடைமடையான் உங்கள் தண்ணீரைப் பறித்துக்கொள்வான் என்று பறை அடித்தான் ஏகவீரன். நடுமடையில் பாதிப் பேருக்குக் கடைமடையில்தான் சம்பந்தி வீடு. பறையைக் கேட்டுவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள்.

ஏகவீரன் ராஜாவின் காதைக் கடித்தான். "மந்திரி குமரப்பர் இதுவரை வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? தம்பியோடு பேச்சுவார்த்தையோ என்னவோ."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "மந்திரியாரே, நாலு நாளில் நடுமடைக் குடத்துக்கு வழி செய்யும். இல்லாவிட்டால் எனக்கு முன்னால் நீர் நாட்டை விட்டுப் போவீர்."

குமரப்பர் நடுமடைக்குப் போனார். அங்கே ஊர் வழக்கையெல்லாம் தீர்த்துவைப்பவள் வேலாத்தாள். அவள் களை பறிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க என்னத்தக் குடுக்க வந்தீங்க, சாமி?"

"ஒன்றும் இல்லை அம்மா. கேட்கத்தான் வந்தேன்."

"அதுவும் ஒரு தந்திரம்தானுங்க."

மந்திரி வரப்பிலேயே இருந்தார். வெயில் சாய்ந்ததும் அவளே வாயைத் திறந்தாள். "எங்க முறைக்கு இருபது வட்டில் தண்ணி. முன்னெல்லாம் கடைசி வயலுக்கும் பாயும். இப்ப பாதியிலயே மதகை அடைக்கறாங்க. வட்டிலைக் காட்டுங்கன்னா மதகுச் சாவடிக்குள்ள விடறதில்ல."

வட்டில் என்பது அடியில் துளை போட்ட செம்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து மூழ்கும். ஒரு மூழ்கு ஒரு நாழிகை; மதகை எத்தனை நேரம் திறப்பது என்பதற்கு அதுதான் கணக்கு.

நாலாம் நாள் சபையில் வேலாத்தாளும் நின்றாள். மந்திரி இரண்டு வட்டில்களைக் கொண்டுவந்தார். "பிரபு, குடம் ஏன் தயங்குகிறது என்று ஏகவீரரும் பேசட்டும், நானும் பேசுகிறேன். ஆளுக்கு ஒரு நாழிகை. எனக்கு அரண்மனை வட்டில். அவருக்கு மதகுச் சாவடி வட்டில்."

பேச்சென்றால் ஏகவீரனுக்கு உயிர். பதறிப்போய், "எனக்கும் அரண்மனை வட்டிலே இருக்கட்டும். சாவடி வட்டில் பாதிப் பேச்சிலேயே மூழ்கிவிடும்" என்றான்.

"உமக்கு எப்படித் தெரியும்?" என்றான் ராஜா.

மந்திரி இரண்டையும் மிதக்கவிட்டார். துளை பெருத்த சாவடி வட்டில் மூழ்கியபோது அரண்மனை வட்டில் பாதிகூட நிறையவில்லை.

"மீதித் தண்ணீர் எங்கே போயிற்று?"

"ஏகவீரரின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு, பிரபு. மதகிலிருந்து நடந்துபோய்ப் பார்த்தேன். தினம் தங்களுக்கு வருவது அந்த வெற்றிலைதான்."

ராஜா வாயில் இருந்ததைத் துப்பினான். ஏகவீரனின் அதிகாரம் அங்கேயே பறிபோயிற்று. கொடிக்கால் ஊர்ப் பொதுவாயிற்று. மந்திரிக்கு ராஜா தன் தோள்வளையைக் கழற்றிக் கொடுத்தான். பிறகு வேலாத்தாளிடம், "திருடனைப் பிடித்தாயிற்று. குடம் வரும்தானே?" என்றான்.

"இந்த ஆளைப் புடிச்சீங்க. நாளைக்கு வேற ஆளு வருவான். வட்டில் உங்க சாவடிக்குள்ளயே இருந்தா எங்களுக்கு என்னங்க தெரியும்?"

சபை நடுங்கிற்று. ராஜாவின் முகம் சிவந்தது. ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி அரண்மனை வட்டிலைப் பார்த்தார். கடைசியில் ராஜா அரண்மனை வட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அன்று முதல் அது நடுமடைக் கரையில், மூன்று ஊரும் பார்க்க, வெட்டவெளியில் மிதந்தது.

ஆடிப்பெருக்கன்று நடுமடைக் குடம் வந்தது. தூக்கி வந்தவள் வேலாத்தாள். ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"இப்போதாவது என்னை நம்புகிறாயா?"

"இல்லீங்க மகராசா. உங்களை நம்பியாகணுங்கற கட்டாயம் இல்லாம பண்ணிட்டீங்க. அதுக்குத்தான் இந்தக் குடம்."

ராஜா ஒரு கணம் முறைத்தான். பிறகு சிரித்துவிட்டு, அபிஷேகத்துக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான்.