பிடுங்கச் சொன்ன வயர்

தென்காசியில் கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கம்பெனியில் வயர் இழுக்கும் வேலை பார்த்தாள் உலகம்மாள். மேனேஜர் சங்கரநயினாருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இரண்டு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்ததும் அவர் சந்தேகம் நேராக அவள் மேல் விழுந்தது.

முதலாளியம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார்: “படம் குட்டிக் குட்டிப் பாக்கெட்டாத்தான் லைன்ல போகுது. நீ யாருக்கோ லைனைத் திருடிக் கொடுக்கிறே. இன்னைக்கு ஒரு பாக்கெட் தொலைஞ்சாலும் உனக்கு வேலை இல்லை.”

மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் படம் திக்குகிறது என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

“லைன்ல நெரிசலானாத்தான் பாக்கெட் தொலையும், சார். நெரிசல் பண்ற வயர் யாரோடதா இருந்தாலும் பிடுங்கலாமா?”

“எவனோடதா இருந்தாலும் பிடுங்கு.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைய கல்யாணப் படம் மண்டபத்திலிருந்து ஆபீஸ் லைன் வழியாகத்தான் போனது. முகூர்த்தம் நெருங்கியது. மணப்பெண்ணின் அப்பா விசா சிக்கலில் மாட்டி வர முடியாமல் மஸ்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். படம் திக்கத் தொடங்கியது. உலகம்மாள் நேரலை வயரை விட்டு மற்றதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் மேனேஜர் அறை வயரைப் பிடுங்கினாள். படம் பளிச்சென்று தெளிந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அப்பா முழுதாகப் பார்த்தார்.

முதலாளியம்மா மேனேஜரின் அறைக் கதவைத் திறந்தார். ஊழியர்களை வேவு பார்க்க சங்கரநயினார் ஒளித்துவைத்த கேமராக்களின் படம் அத்தனையும் அதுவரை இதே லைனில் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திரையில் பன்னிரண்டு கட்டங்கள். ஒன்றில் முதலாளியம்மாவின் மேஜை.



உலகம்மாள் பணிவாகக் கேட்டாள்: “அம்மா, இந்த வயரைத் திரும்பச் செருகட்டுமா?”