முன்னே போனவனின் குதிகால்

"முகட்டுப் பாதையை அவனுக்கே கொடுக்கிறீங்களே அம்மா, எனக்கு என்ன கால் இல்லையா?"

சாத்தப்பன் கேட்டேவிட்டார். மழைக்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்த கேள்வி. அன்று கஞ்சி குடிக்க வாயைத் திறந்தபோது வெளியே வந்துவிட்டது.

நல்லம்மை கிண்ணத்தைக் கீழே வைத்தார். கருமலை நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சாத்தப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா.

மடத்தில் மந்திரம் கிடையாது. பாடம் கிடையாது. விடிந்ததும் வெறுங்காலோடு காட்டு வழியே நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான். தண்ணீரை ஒட்டிப் போவது கரைப் பாதை. சோலைக்கு மேலே ஏறிப் போவது முகட்டுப் பாதை. யாருக்கு எது என்று அம்மா சொல்வார்.

இடும்பனுக்கு முகடு. சாத்தப்பனுக்குக் கரை. தினமும் இதே கதை.

"அவன் நேத்து வந்தவன்," என்றார் சாத்தப்பன்.

"நேத்து இல்லை அண்ணே, போன வருஷம்," என்றான் இடும்பன், கஞ்சியை ஊதியபடி.

"உன்கிட்ட யாரும் கேக்கலை."

நல்லம்மையின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. மழை விட்டால் வெளியூர் ஆட்கள் வருவார்கள், காட்டைச் சுற்றிக்காட்டச் சொல்லி. அந்தக் கூட்டத்துக்கு யார் பொறுப்போ, அவர் கழுத்தில்தான் விசில். இந்த வருடம் அம்மா யாத்திரை கிளம்புகிறார். முதல் கூட்டம் நாளைக்கே வருகிறது. விசில் யாருக்கு என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

திறக்கவே வேண்டாம் என்று நினைத்தார் சாத்தப்பன். முகடு யாருக்கோ, விசிலும் அவனுக்குத்தான்.

"சரி," என்றார் அம்மா. "இன்னிக்கு நீங்களும் முகட்டுல போங்க. இடும்பன் முன்னால, நீங்க பின்னால. திரும்பி வந்து, பார்த்ததைச் சொல்லுங்க."

சாத்தப்பன் வழியெல்லாம் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

இவனுக்கு மட்டும் அம்மா தனியாக என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறார்? எங்கே திரும்புகிறான்? எதற்கு நிற்கிறான்? எனக்கு எரியட்டும் என்றுதான் இப்படி ஆடி அசைந்து நடக்கிறானா?

உச்சிவேளையில் இருவரும் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"அத்திமரத்துல ஒரு ஜோடி இருவாச்சிப் பறவை," என்றான் இடும்பன். "தண்ணி ஏறி நடுத்திட்டு முழுகிடுச்சு. எதிர்க்கரையில நீர்நாய் குட்டிகளோட வெயில் காஞ்சுது."

அம்மா சாத்தப்பனைப் பார்த்தார்.

சாத்தப்பன் காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார்.

"இருவாச்சி பார்க்கலையா?"

"இல்லை."

"ரெக்கை அடிச்சா அத்தனை சத்தம் வருமே?"

"கேக்கலை."

"தண்ணியாவது கண்ணுல பட்டுச்சா?"

இடும்பன் சிரிப்பை அடக்கினான். அதில் சாத்தப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவனைத்தாம்மா பார்த்தேன்! போதுமா?"

"அப்ப அதைச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? இடது காலை முழுசா ஊனவே மாட்டேங்கிறான். ஏத்தத்துல விரலாலயே ஏறுறான். இறக்கத்துல மரத்தை மரத்தைப் பிடிக்கிறான். நான் கிட்ட வந்தா மட்டும் நேரா நடக்கிறான். ஓடையைத் தாண்டுறப்ப அந்த ஒரு காலைத் தண்ணியில வெச்சுக்கிட்டு நின்னான், பறவை பார்க்கிற மாதிரி..."

சாத்தப்பனின் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது.

இடும்பன் இடது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.

"காட்டு," என்றார் அம்மா.

குதிகாலில் முள். சுற்றிலும் சிவந்திருந்தது.

"எப்ப ஏறுச்சு?"

"முந்தாநாள்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்னை உட்கார வெச்சிருப்பீங்க. விசில் அண்ணனுக்குப் போயிடும்."

"எனக்கா?" சாத்தப்பனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "என்னைப் பார்த்தா உனக்குப் பொறாமை?"

"பின்னே? அம்மா தினமும் நடக்கிறது கரைப் பாதையிலதானே. என்னை மட்டும் மேல தள்ளிவிட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் கீழ போறீங்க."

சாத்தப்பன் இதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நல்லம்மை உள்ளே போய் ஊசியை நெருப்பில் காட்டி எடுத்து வந்தார். சாத்தப்பனிடம் நீட்டினார்.

"நீங்களே எடுங்க."

சாத்தப்பன் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இடும்பன் பல்லைக் கடித்தான். முள் வந்தது. கறுப்பாக, நீளமாக.

"நாளைக்கு இவன் நடக்கலாமா?" என்று கேட்டார் அம்மா.

இடும்பன் சாத்தப்பனின் முகத்தையே பார்த்தான்.

கூடாது என்று ஒரே ஒரு சொல். விசில் கைக்கு வந்துவிடும்.

சாத்தப்பன் குதிகாலை அழுத்திப் பார்த்தார். சீழ் இல்லை. சூடு இல்லை. இருந்தால் தேவலை என்பதுபோல் இன்னொரு தடவை அழுத்தினார். இல்லை.

"நடக்கலாம்," என்றார் கசப்போடு. "துணி சுத்திக்கிட்டு, கரைப் பாதையில. கூட்டத்துக்கு முன்னால இவனே போகட்டும். நொண்டுறானான்னு நான் கடைசியில வந்து பார்த்துக்கிறேன்."

நல்லம்மை விசிலைக் கழற்றினார். சாத்தப்பனின் கழுத்தில் போட்டார்.

இடும்பனின் முகம் சுருங்கிப்போனது.

"முன்னால போறது நான். விசில் அவருக்கா?"

"முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும்," என்றார் அம்மா.