முதல் நாள் போட்டோ

"என்னை அனுப்பிவிடுங்க டீச்சர்" என்றார் அறவாழி.

அது அவர் வந்த பதினோராம் நாள்.

கையில் ஒரு தாள். எனக்கு இங்கே சரிப்படவில்லை, ஊர் திரும்புகிறேன் என்று அவரே எழுதியது. பள்ளிப் பொறுப்பாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

பொறுப்பாளர் பெயர் யோகமலர். இருபத்தொன்பது வயது. அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே டீச்சர் ஆனவர்.

அறவாழிக்கு அறுபத்தொன்று. முசிறிப் பக்கம் முப்பத்துநாலு வருடம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வேண்டாம், சொல்லிக்கொடுக்க நாலு பிள்ளைகள் கிடைத்தால் போதும் என்று கடல் தாண்டி இலங்கை மலைக்கு வந்தார். எட்டு மாதம் இருப்பதாகப் பேச்சு. பத்து நாளில் முகம் சுண்டிப்போய்விட்டது.

வெளியே மழை. அங்கே எப்போது பார்த்தாலும் மழைதான். துவைத்துப் போட்ட வேட்டி நாலு நாளாய்க் காயவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

யோகமலர் கிழிந்த புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன குறை சேர்? சாப்பாடு ஒத்துக்கலியா?" அந்தப் பக்கத்தில் சாரை 'சேர்' என்றுதான் சொல்வார்கள்.

"சாப்பாடு பரவாயில்லை."

"குளிரா?"

"குளிரை விடுங்க. பிள்ளைங்க."

"அடங்க மாட்டேங்குறாங்களா?"

"அடங்காம இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்? அடங்காத பிள்ளையத் தலையில தூக்கி வச்சுக்குவேன். இவங்க என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குறாங்க. எழுதிப்போட்டா எழுதுறாங்க. கேள்வி கேட்டா போர்டைப் பார்க்குறாங்க. நான் அங்க நிக்கிறேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

யோகமலர் அடுத்த பக்கத்துக்குப் பசை தடவினார்.

"நேத்து அந்த லோஜினிப் பொண்ணுக்கு மூக்குல ரத்தம். முதல் பெஞ்சு. நான் எதிரே கைக்குட்டையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். என்னைத் தாண்டி, மழையில நனைஞ்சுக்கிட்டு, உங்க வகுப்புக்கு ஓடி வருது. நான் என்ன தூணா டீச்சர்?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் இப்படிப் புலம்புகிறோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

"முதல் நாள் எப்பிடி இருந்திச்சு?" என்று கேட்டார் யோகமலர்.

கேட்டதும் அறவாழி முகம் மலர்ந்தது. பாவம் மனுஷன்.

"முதல் நாளா? அந்த மாதிரி வரவேற்பு என் ஜென்மத்துல பார்த்ததில்லை. மகனுக்கு ஒரு போட்டோ அனுப்பலாம்னு போனை எடுத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லலை. மளமளன்னு குட்டையிலேர்ந்து நெட்டை வரைக்கும் வரிசையா நின்னுட்டாங்க. ரெண்டு பேர் ஓடிப்போய் டேலியாப் பூ பறிச்சு மாலை கட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரு பொட்டலம் தேயிலை கையில குடுத்தாங்க. அந்த லோஜினி அழுதுட்டா டீச்சர், சந்தோஷத்துல."

போனைத் திறந்து போட்டோவைக் காட்டினார்.

யோகமலர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் அன்னைக்கு டவுனுக்குக் கூட்டத்துக்குப் போயிட்டேன். இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"என்னன்னு?"

யோகமலர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ஏழு போட்டோக்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"இவங்க நாலு மாசம் இருந்தாங்க. இவரு ஆறு வாரம். இந்த அம்மா ஒரே ஒரு நாள், பென்சில் குடுக்க வந்தவங்க."

ஏழு படத்திலும் நடுவில் யாரோ ஒருவர். கழுத்தில் டேலியா மாலை. கையில் பொட்டலம். குட்டையிலிருந்து நெட்டை வரைக்கும் பிள்ளைகள். கடைசி மூன்று படத்தில் லோஜினி இருந்தாள். ஒன்றைவிட ஒன்றில் கொஞ்சம் உயரமாக. மூன்றிலும் அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் இதே வரவேற்புதானா?" என்றார் அறவாழி. உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

"இது வரவேற்பு இல்ல சேர். இங்க வந்த அன்னைக்கு யாரும் போட்டோ எடுக்கிறதில்ல. போற அன்னைக்குத்தான் எடுப்பாங்க."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்தத் தேயிலை?"

"வழிக்குக் குடுக்கிறது. வீட்டுக்குப் போயித்தான் பிரிக்கணும்."

மாலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு அழுதது?"

"நீங்க போறீங்கன்னு."

"நான் வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகலையே டீச்சர்."

"ஒரு மணி நேரத்துல போனவங்களும் இருக்காங்க."

"சரி, மறுநாளும் வந்தேனே? பாடம் நடத்தினேனே? கண்ணால பார்த்தாங்களே?"

"பார்த்தாங்க." யோகமலர் போட்டோக்களை ஒவ்வொன்றாக டின்னுக்குள் வைத்தார். "ஒரு ஆளுக்கு ஒருக்காதான் அழுவாங்க சேர். ரெண்டாந்தரம் அழுறதுக்குப் புள்ளைங்ககிட்ட தெம்பு இல்ல."

அறவாழி நாற்காலியில் உட்கார்ந்தார். 

யோகமலர் அவர் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு தடவை படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அறவாழி அதை எதிர்பார்க்கவில்லை. இருங்கள் சேர் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் நினைத்திருந்தார். மனிதருக்கு அந்த ஆசை எப்போதும் உண்டு.

"நான் போயிட்டா பிள்ளைங்க?"

"அவங்களுக்கு என்ன? அவங்களப் பொறுத்தவரைக்கும் நீங்க போயி பத்து நாளாச்சு."

"அஞ்சாம் வகுப்புக்குப் பரீட்சை வருதே?"

"வரும். எழுதுவாங்க. எப்பவும் எழுதுற மாதிரி."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா டீச்சர்?"

யோகமலர் யோசித்தார்.

"வீட்டுல உங்களுக்குத் தேத்தண்ணி யாரு ஊத்துவா சேர்?"

"நான்தான். அவ போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மகன் வெளியூர்ல."

"பிள்ளைங்க குடுத்தது நல்ல தூள். பக்குவமாப் போடுங்க. தண்ணி நல்லாக் கொதிக்கணும். அவசரப்பட்டா சாயம் இறங்காது."

சொல்லிவிட்டுப் பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையும் மழை.

ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் கையில் தட்டோடு பள்ளிச் சமையல் கொட்டகைக்கு வந்தார்கள். கஞ்சிக்கு வரிசை நின்றார்கள்.

கொட்டகை வாசலில் அறவாழியின் பெட்டி இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள்.  சொல்ல என்ன இருக்கிறது, அவர்கள் பார்க்காத பெட்டியா?

உள்ளே, கஞ்சி அடுப்புக்குப் பக்கத்து அடுப்பின் முன்னால் அறவாழி குந்தியிருந்தார். பெரிய பானையில் தண்ணீர். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்து, புகையில் இருமிக்கொண்டிருந்தார். சமையல்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. அதைச் சுருட்டி விறகுக்கு அடியில் செருகித் தீக்குச்சி கிழித்தார். அடுப்பு மெதுவாகப் பிடித்தது.

கீழே ரோட்டில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. அவர் காத்திருந்தார்.

மறுபடியும் ஹாரன்.

பானை தளதளத்ததும், மடியிலிருந்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்து, அதன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வரிசையில் சலசலப்பு நின்றுபோனது.

லோஜினி வரிசையை விட்டு வெளியே வந்தாள். பதினொரு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவளுக்குக் கோபமாக இருந்தது.

"சேர், அது வீட்டுக்குப் போயித்தான் பிரிக்கணும்."

"தெரியும்மா" என்றார் அறவாழி. "சீனி எங்க வைப்பீங்க?"