மண் குளித்த சண்டை

கருவேலங்காட்டில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. ஒன்று மரத்து மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். மற்றதெல்லாம் கீழே சருகைப் புரட்டிப் புழு தின்னும். காவல்குருவி கத்தினால் போதும், மொத்தமும் திரண்டு பறக்கும். பாம்பானாலும் கீரியானாலும் கொத்தி விரட்டிவிடும். அப்படித்தான் அதுகள் உயிர் பிழைத்து வந்தன.

குருவி புழுதியில் புரண்டு குளிக்கும், பார்த்திருப்பீர்கள். ஒருநாள் நெட்டைக்காலன் என்ற குருவி ஆரம்பித்தது.

"மண்ணு குளிக்கிறதுன்னா காலையிலதான் குளிக்கணும். சூரியனுக்கு அதுதான் மரியாதை!"

"யாருடா சொன்னா? என் பாட்டன் பூட்டன் எல்லாம் சாயங்காலந்தான் குளிச்சாங்க!" என்றது மொட்டைவால்.

"அதான் உன் குடும்பத்துக்கே வால் இல்லை!"

அவ்வளவுதான். காலைக் கூட்டம் கிழக்கே போனது. மாலைக் கூட்டம் மேற்கே போனது. கூட்டத்துக்கு ஒரு காவல் வைத்துக்கொண்டன. எதற்குப் பிரிந்தோம் என்று பாதிக் குருவிக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவன் கத்தினான், அதுவும் கத்தியது.

செம்பி என்ற பெண்குருவி பாடுதான் திண்டாட்டம். பிறந்தது காலைக் கூட்டம். புருஷன் மாலைக் கூட்டம். கூடு நடுவிலிருந்த மரத்தில். கூட்டில் கண் திறக்காத இரண்டு குஞ்சு.

"ஏம்மா, நீ யாரு பக்கம்?" என்று கேட்டது நெட்டைக்காலன்.

"தெரியலையே அண்ணே. நேத்து வரைக்கும் ஒரே பக்கந்தானே இருந்துச்சு!"

மறுநாள் செம்பியும் புருஷனும் இரை தேடப் போன நேரம், ஒரு சாரைப்பாம்பு நடுமரத்தில் ஏறியது. கிழக்குக் காவல் பார்த்தது. 'அவ புருஷன் வீட்டுக்காரங்க கத்தட்டும்' என்று இருந்துவிட்டது. மேற்குக் காவலும் பார்த்தது. 'அவ பொறந்த வீட்டுக்காரங்க கத்தாமலா போயிடுவாங்க' என்று அதுவும் இருந்துவிட்டது.

வாயில் புழுவோடு வந்த செம்பி பாம்பைக் கண்டு அலறியது. இரண்டு பக்கமும் பறந்து வந்தன. வந்தவை பாதி வழியில் நின்றன.

"இது யாரு கூட்டத்துக் குரல்?"

"உங்க ஆளுதானே, நீங்க போங்க!"

"எங்க ஆளா? கட்டிக் கொடுத்தாச்சு, இப்ப உங்க ஆளு!"

பேசி முடிப்பதற்குள் பாம்பு வயிறு புடைக்க இறங்கிப் போய்விட்டது. கூடு காலி.

நெட்டைக்காலன் மெதுவாகக் கிட்டே வந்தது. "பாவம். துக்கத்துக்கு எல்லாரும் மண்ணு குளிக்கணும். காலையில வச்சுக்கலாம்."

"சாயங்காலம்!" என்றது மொட்டைவால். "இல்லேன்னா நீயே சொல்லு தாயி. உன் குஞ்சுக எந்தக் கூட்டம்?"

செம்பி நெட்டைக்காலனையும் மொட்டைவாலையும் மாறி மாறிப் பார்த்தது. கேள்வியே அதற்குப் புரியவில்லை.

"அதுக இன்னும் ஒரு தடவைகூட மண்ணு குளிக்கலையே!" என்றது.



உயிர் போகிற நேரத்தில் 'இது யார் பக்கம்' என்று கேட்டு நிற்கிற ஊரில், எந்தப் பக்கமும் அறியாத பிள்ளைகள்தான் முதலில் பலியாவார்கள்.