எத்தனை படி போட?

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. சாமிக்கு நாற்பதுகூட நிறையவில்லை. இருந்தாலும் சாமிதான் குரு, கோமதிநாயகம்தான் சீடர். ஞானத்தில் சீனியாரிட்டி பார்ப்பதில்லை போலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே மலையடிவாரத்து மடத்துக்கு வந்து இறங்கினார். மூன்று வாரத் தூக்கம் கண்ணில் பாக்கி இருந்தது.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் சொந்தத் தொழில் பண்ண லாயக்கான ஆளா?"

"என்ன திடீர்னு?"

கோமதிநாயகம் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த பணம் மொத்தத்தையும் போட்டு அப்பளக் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று மைத்துனர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கட்டடம் பார்த்தாயிற்று, நாளைக்குக் கையெழுத்து. இன்னொரு பக்கம், பக்கத்து ஊர் மில்லில் ஸ்டோர் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கும் நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மச்சான் கேக்கான் சாமி. இந்த வயசுலயும் இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கப் போறீங்களா, அவ்வளவு கோழையான்னு. வீட்டுக்காரி எதுவுமே சொல்ல மாட்டேங்கா. அவ பேசாம இருக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சாமி சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"முப்பிடாதிம்மா, இன்னைக்கு அரிசி அளவு ஐயா சொல்லுவாங்க."

மடத்தில் தினமும் மதியச் சாப்பாடு உண்டு. யார் வருவார்கள், எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. வந்தவர்களுக்கு இலை போடுவார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், வராமலும் போகும்.

சமையல் பார்க்கும் முப்பிடாதி உலையை ஏற்றிவிட்டு வந்து நின்றார்.

"எத்தனை படி போட?"

"எத்தனை பேர் வருவாங்க?"

"அது வந்தாத்தான் தெரியும்."

"போன ஞாயிறு?"

"எரநூறு இருக்கும்."

"அதுக்கு முந்தின ஞாயிறு?"

"தொண்ணூறு. அன்னைக்கு மழை."

கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார். மேகம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

முப்பது வருஷம் அவர் மில்லில் பர்ச்சேஸ் பார்த்தவர். இன்ன சாமான், இத்தனை வேண்டும் என்று மேலே இருந்து இண்டெண்ட் சீட்டு வரும். அது வந்துவிட்டால் அவரை அடிக்க ஆள் கிடையாது. சல்லிசான விலைக்கு, சொன்ன தேதிக்கு முன்னாலேயே சாமான் வந்து இறங்கும். ஆனால் சீட்டு இல்லாமல் அவர் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை.

பஸ் ஸ்டாப் வரை போய் இறங்குகிறவர்களை எண்ணினார். அவர்களில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வேறு பஸ் ஏறினார்கள். டவுனில் ஒரு சிநேகிதருக்குப் போன் போட்டு, இன்றைக்கு முகூர்த்த நாளா என்று விசாரித்தார். திரும்பி வந்து சாமி முன்னால் நின்றார்.

"சாமி, நீங்களே ஒண்ணு சொல்லிருங்க."

"எனக்குத் தெரியாதே."

உலை கொதித்து வற்றியது. முப்பிடாதி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அதுவும் கொதித்து வற்றியது.

"ஐயா, இன்னைக்கு வெந்நி மட்டும் பரிமாறவா?"

பத்தரை மணிக்கு கோமதிநாயகம், "பதினஞ்சு படி" என்றார். சொன்ன மறு நிமிஷமே பதினெட்டு என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. பன்னிரண்டே போதுமோ என்றும் தோன்றியது. போட்ட அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒரு படி பத்துப் பேருக்கு வரும். அன்று இருநூறு பேர் வந்தார்கள்.

மூன்றாவது பந்தி பாதியில் இருக்கும்போதே அண்டாவின் அடி தெரிந்தது. வெளியே ஐம்பது பேர் வெயிலில் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க கோமதிநாயகத்துக்குத் தைரியம் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

முப்பிடாதி வாசலை எட்டிப் பார்த்தார். பரணிலிருந்து ரவை டின்னை இறக்கினார்.

"இதுக்கா இப்படி வேர்க்குது? உப்புமா போட்டா யாரும் அடிக்க வர மாட்டாக. கரண்டியப் பிடிங்க."

பிடித்தார். பல் இல்லாத பெரியவர் ஒருவருக்கு உப்புமாவில் சாம்பாரை விட்டுக் குழைத்துக் கொடுத்தார். கைக்குழந்தைக்காரிக்குப் பந்தி ஓரத்தில் இடம் ஒதுக்கினார். மெய்யாகவே போதும் என்கிறவர்களையும், வெட்கத்துக்குப் போதும் என்கிறவர்களையும் பிரித்துக் கண்டுகொண்டார். மணி இரண்டரை ஆனது அவருக்குத் தெரியவே இல்லை.

எல்லாரும் போன பிறகு சாமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்ப ரொம்பக் கஷ்டமா இருந்தது? சோறு தீர்ந்தப்பவா?"

"அதுக்கும் முன்னால சாமி. அளவு சொல்லணுமேன்னு நின்னேன் பாருங்க, அப்ப. சொன்ன பிறகும் அது விடல."

"பரிமாறினப்ப?"

"நல்லா இருந்தது. இந்த மூணு வாரத்துல மச்சான் ஞாபகம் வராத நேரம் அது ஒண்ணுதான்."

"அடுத்த ஞாயிறும் வாங்களேன். அளவு..."

"பரிமாற வாரேன் சாமி. அளவு மட்டும் வேண்டாம்."

சொல்லி முடித்த பிறகுதான், காலையில் கேட்ட கேள்விக்குத் தாமே பதில் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. நெஞ்சில் மூன்று வாரமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அப்போதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதே தெரிந்தது.

ஆனாலும் பர்ச்சேஸ் புத்தி லேசில் விடுமா?

"ஒரு நாள் சோத்தை வச்சு இவ்வளவு பெரிய விஷயத்தை முடிவு பண்ணலாமா சாமி?"

"நான் எதையும் முடிவு பண்ணலையே" என்ற சாமி, அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "முப்பிடாதிம்மா, தினமும் அளவு சொல்றது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார்.

"கஷ்டமா? மிஞ்சுமா, குறையுமான்னு ஒரு இது இருந்தாத்தான சாமி காலையில எந்திரிக்கவே தோணுது. நாளைக்கு இத்தனை பேருன்னு சீட்டு எழுதிக் கொடுத்தீகன்னா நான் வேலைக்கே வர மாட்டேன்."

கோமதிநாயகம் அவரை வியப்போடு பார்த்தார். தமக்குச் சீட்டுதான் சோறு. இந்த அம்மாவுக்கு அதுவே பட்டினி. இரண்டு பேரும் ஒரே அடுப்படியில்தான் இன்று நின்றிருந்தார்கள்.

சாமி பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப மச்சான் சொன்ன மாதிரி நான் கோழைதானா சாமி?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த மடத்துக்கு வந்த புதுசுல நானும் அளவு சொன்னேன்."

"எத்தனை நாள் சாமி?"

"ஒரே நாள். மறுநாள் விடியறதுக்கு முன்னால, இனிமே அளவு நீங்களே சொல்லுங்கன்னு முப்பிடாதிம்மா வீட்டு வாசல்ல போய் நின்னேன்."